கறுப்புப் புள்ளிமேல் பெயின்ட் அடிக்காதீர்கள்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே ரகம். "அண்ணே, பெட்ரூம் சுவரெல்லாம் கறுப்பா புள்ளி புள்ளியா இருக்கு, தீபாவளிக்குள்ள ஒரு கோட் அடிச்சுக் குடுங்க." மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவன் நான். விலை பேசுவதற்கு முன் நான் கேட்பது, வீட்டில் யாருக்காவது விடாத இருமல் இருக்கிறதா என்றுதான்.

இருமலில் ஒரு கணக்கு உண்டு. ராத்திரி படுத்தால் கூடும், ஊருக்குப் போய் நாலு நாள் தங்கினால் குறையும், வீடு திரும்பினால் மறுபடி வரும். அப்படியென்றால் சுவரைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கறுப்புப் புள்ளி பூஞ்சை. அது விடும் கண்ணுக்குத் தெரியாத தூள் மூச்சோடு உள்ளே போகிறது. ஓதமான மெத்தையில் தூசிப்பூச்சியும் பெருகும். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், வீசிங், ஆஸ்துமா கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்குத்தான் இந்தத் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக இன்ஹேலர் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. தரையிலிருந்து இடுப்பளவுக்குள் உப்புப் பூத்துப் பட்டி (பெயின்டுக்கு அடியில் பூசும் பூச்சு) பொரிந்தால் அது கீழிருந்து ஏறும் ஈரம். சீலிங்கில் வட்டமாகக் கறை என்றால் மொட்டை மாடித் தளத்தையும், மழைநீர்க் குழாய் வாயையும் பாருங்கள். பாத்ரூமுக்கு முதுகு கொடுத்த சுவர் என்றால் குழாய் ஜாயின்ட். ஏசி அறைக்கு அடுத்த அறையில், பொதுச்சுவரின் இந்தப் பக்கம் புள்ளி வைக்கிறதா? சில்லென்ற சுவரில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது.

புரியவில்லையா? சுவரைத் துடைத்துவிட்டு, ஒரு முழ அளவு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நின்றால் அது காற்றின் ஈரம். முன்னதற்குக் கொத்தனார் வேண்டும். பின்னதற்கு எக்ஸாஸ்ட் ஃபேனும், அறைக்குள் துணி காயப்போடாமல் இருப்பதுமே பெரும்பாலும் போதும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். அதன் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரச் சாக்கு வாசனையோடு கறுப்பு வெல்வெட் மாதிரி படர்ந்திருப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஈரப்பதமானி வாங்கிவைத்தால் நல்லது. அறைக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும்.

பூஞ்சை படர்ந்த இடம் மூன்றடிக்கு மூன்றடிக்குள் என்றால் நீங்களே சுத்தம் செய்யலாம். அதற்கு மேல் என்றால் ஆள் வையுங்கள். ஆஸ்துமாக்காரர் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்கக் கூடாது. என்95 மாஸ்க், கையுறை போட்டு, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அத்தனை தூளும் அறைக்குள்தான் பறக்கும். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பூஞ்சை பிடித்த தலையணை, அட்டைப்பெட்டி எல்லாம் குப்பைக்கு. செத்த பூஞ்சையும் அலர்ஜி தரும் என்பதால் துடைத்து எடுப்பதுதான் முக்கியம், மருந்து தெளிப்பது அல்ல.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி, பிரைமர், பெயின்ட். தீபாவளி போய்ப் பொங்கல் வந்தாலும் பரவாயில்லை. கடையில் விற்கும் பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் ஈரச் சுவரில் ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிகம்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால், மூச்சு விடும்போது விசில் கேட்டால், நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். சுவரின் போட்டோவையும் செல்லில் காட்டுங்கள். சளியில் ரத்தம், ராத்திரி வியர்வை, எடை குறைவு என்றால் வீட்டு ஓதத்தின் மேல் பழி போட்டு உட்காராமல் டிபி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.