பழைய குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் கணினியில் ஒழுங்காக வைப்பது எப்படி?

அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கட்டு கறுப்பு வெள்ளைப் படங்கள், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள், நாலாக மடித்த கிரயப் பத்திரம், ஜாதக நோட்டு எல்லாம் இருந்தன. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கத் தெரிந்தால் போதும், மற்றதைச் செய்துகொண்டே பழகிவிடலாம்.

1. முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள்

ஸ்கேன் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். படத்தில் இருப்பது யார் என்று சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்பக்க மூலையிலும் மெல்லிய பென்சிலால் ஓர் எண் போடுங்கள் (பேனா வேண்டாம், மை ஊறும்). போனில் குரல் பதிவை ஓடவிட்டு, "இது 14-ம் படம்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். "இது யார்?" என்று கேட்டால் அம்மா பெரும்பாலும் "தெரியலையே" என்பார். "இந்தப் புடவை யாரோடது?" என்று கேட்டபோது புடவை வாங்கிய கடையில் தொடங்கி அந்த வருஷத்து வெள்ளம் வரைக்கும் வந்தது.

2. ஸ்கேன் செய்வது

பத்திரம், கடிதம் போன்றவற்றுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) போதும். படங்களுக்கு 600 வையுங்கள். 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் உள்ள சின்னப் படம்கூட அப்போது 1200க்கு 1800 புள்ளிகளாக வரும், முகம் தெளிவாகத் தெரியும். முக்கியமானவற்றை டிஃப் (TIFF, தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) வடிவில் சேமியுங்கள். 4க்கு 6 அங்குல வண்ணப் படம் ஏறக்குறைய 25 எம்பி பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்கில் அது பெரிய இடமில்லை. பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கண்ணாடியோடு சேர்த்தே போனில் படம் எடுங்கள்.

3. இரண்டே ஃபோல்டர்

ஒன்று "மூலம்", இன்னொன்று "பயன்பாடு". ஸ்கேன் செய்தது அப்படியே மூலத்துக்குள் போகும், அதில் கைவைக்கவே கூடாது. கறை நீக்குவது, வெட்டுவது, உறவினருக்கு அனுப்பச் சிறிதாக்குவது எல்லாம் பயன்பாட்டில் உள்ள பிரதியில் மட்டும்தான்.

4. கோப்புக்குப் பெயர் வைப்பது

பலரும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். "தாத்தா படம்" என்று வைத்தால் உங்கள் மகனுக்கு அது கொள்ளுத்தாத்தா, அத்தை மகனுக்கு அம்மாவின் அப்பா. யார் பார்க்கிறார்களோ அதைப் பொறுத்து முறை மாறிவிடும், அதனால் முறைப்பெயர் வேண்டாம். ஆளின் பெயரையே எழுதுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேரன் என்றாலே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். ஒரே வீட்டில் மூன்று முத்தையா இருக்கலாம். தலைப்பெழுத்தும் முழுதாக உதவாது, பல பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அது மாறிவிடும். பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும்:

1954-02-10_கல்யாணப் பத்திரிகை_முத்தையா-1928

வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். நாள் தெரியாவிட்டால் "1955-00-00_சுமார்" என்று போடுங்கள்.

தமிழ் வருஷம் மட்டும் இருக்கும் பத்திரிகைகளில் கவனம் தேவை. "விஜய வருஷம் தை மாதம்" என்று இருந்தால் தமிழ் வருஷ அட்டவணையைப் பார்த்து 1953 என்று போட்டுவிடக் கூடாது. விஜய வருஷம் 1953 சித்திரையில் பிறந்தது, அதன் தை 1954-ல் வருகிறது. 60 ஆண்டுச் சுழற்சி என்பதால் 1893-94ம் விஜயதான். மணமக்கள், பெற்றோரின் வயதை வைத்து எது என்று முடிவு செய்யுங்கள்.

அப்புறம், 90களில் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த குடும்பக் குறிப்புகள் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு (எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை) மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

5. ஒரு பட்டியல்

எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸில் ஐந்து பத்திகள் (column): பட எண், கோப்புப் பெயர், இடமிருந்து வலமாக யார் யார், சொன்னவர், சொன்ன தேதி. "சொன்னவர்" பத்தியை விட்டுவிடாதீர்கள். ஒரே முகத்தைப் பெரியத்தை ஒருவர் என்பார், சின்னத்தை வேறொருவர் என்பார். இரண்டையும் எழுதி வையுங்கள், தீர்ப்பு இப்போதே வேண்டாம்.

குடும்ப மரம் வரைய ஆசை வந்தால் கிராம்ப்ஸ் (Gramps) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதிலிருந்து ஜெட்காம் (GEDCOM, குடும்ப மர மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வகை) வடிவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தால், பிற்பாடு வேறு மென்பொருளுக்கு மாறலாம்.

6. மூன்று பிரதிகள்

ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், படத்துக்குள் இருக்கும் தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள்.

ஸ்கேன் ஆகிவிட்டது என்று அசலைத் தூக்கிப் போடாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். கிரயப் பத்திரத்துக்கு அசல்தான் செல்லும். ஆண்டுக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்கை மாட்டிப் பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். நான் அதற்குப் போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை வைத்திருக்கிறேன். பழைய காகிதங்கள் தெருவுக்குப் போகும் நேரம் அது. பரணிலிருந்து இறங்கும் கட்டுகளை அன்றைக்கே ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம்.