குழந்தைகளின் சிறுநீரக நோய்: எண்ணைப் படிப்பதில் நேரும் தவறுகள்

நான்கு வயதுக் குழந்தை. உயரம் 100 செ.மீ. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியாட்டினின் 0.9 என்று இருக்கிறது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை. சிவப்பு எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவார்கள்.

ஆனால் அந்த எண்ணை உயரத்தோடு சேர்த்துப் பாருங்கள். குழந்தைகளுக்கான ஷ்வார்ட்ஸ் சூத்திரம் எளிமையானது: உயரத்தை செ.மீ. கணக்கில் எடுத்து 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். 41.3-ஐ 0.9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 46. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இந்த இஜிஎஃப்ஆர் 90-க்கு மேல் இருக்க வேண்டியது. பாதித் திறன் போய்விட்டது, அறிக்கையோ இயல்பு என்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைவாக உள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு அது 0.3 முதல் 0.5 வரை இருந்தால்தான் சரி. அச்சிட்டிருந்தது பெரியவர்களின் அளவு.

குழந்தைகளின் சிறுநீரக நோயில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எண் சரியாகவே இருக்கும், அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு எண்ணை விட்டிருப்பார்கள். வீட்டில் சிறுநீர் சோதிக்கும் பெற்றோர் முதல், நோயை முன்கணிக்கும் கருவி உருவாக்கும் ஆய்வாளர் வரை இது பொருந்தும்.

பழைய சூத்திரம், பழைய உயரம்

ஷ்வார்ட்ஸ் சூத்திரம் முதலில் 1976-இல் வந்தது. அப்போதைய பெருக்கெண் 0.55. அன்றைய ஜாஃபே முறைப் பரிசோதனை, ரத்தத்தில் உள்ள வேறு சில பொருள்களையும் கிரியாட்டினின் என்று சேர்த்து எண்ணிவிடும். நொதி முறைப் பரிசோதனை பரவிய பிறகு, நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள குழந்தைகளைப் பின்தொடரும் அமெரிக்காவின் சிகேஐடி ஆய்வில் சேர்ந்தவர்களின் தரவிலிருந்து 2009-இல் 0.413 என்ற எண் கிடைத்தது. இன்றும் சில பழைய கையேடுகளிலும் கணிப்பான்களிலும் 0.55 உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன அதே குழந்தைக்கு அதைப் போட்டால் 61 வரும். 46 என்றால் மூன்றாம் நிலை, 61 என்றால் அதைவிட லேசான இரண்டாம் நிலை. ஒரு பெருக்கெண் மாறியதில் நோயின் நிலையே மாறிவிடுகிறது. ஆகவே ஆய்வகத்திடம் எந்த முறையில் பார்த்தீர்கள் என்று ஒருமுறை கேட்டு, கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

உயரத்தை அதே நாளில் சுவரோடு நிறுத்தி அளக்க வேண்டும். போன ஆண்டுப் பள்ளிப் பதிவில் இருந்த உயரம் உதவாது. 100 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு 5 செ.மீ. தவறினால் இஜிஎஃப்ஆரும் கிட்டத்தட்ட 5 சதவீதம் தவறும்.

இந்தச் சூத்திரம் செல்லாத இடங்களும் உண்டு. பிறந்த முதல் சில நாள்களில் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் தாயின் கிரியாட்டினின். தசை நோய் உள்ள குழந்தை, மிகவும் மெலிந்த குழந்தை, நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை ஆகியோருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கிரியாட்டினின் ஏறாது. அவர்களுக்கு, தசையைச் சாராத இன்னொரு ரத்தக் குறியீடான சிஸ்டாட்டின் சி பார்ப்பது நல்லது. ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் சிஸ்டாட்டின் சி கூடும். தைராய்டு கோளாறும் அதை மாற்றும்.

பதினெட்டு வயதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது சூத்திரமும் மாறுவதால், ஒரே ரத்த மாதிரிக்கு இஜிஎஃப்ஆர் திடீரென்று உயர்ந்து தெரியும். நோய் குறைந்துவிட்டது என்று மருந்தை விடுபவர்கள் உண்டு. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பப் பெருக்கெண் மாறும் யு25 சமன்பாடு, 1 முதல் 25 வயது வரை பொருந்தும்படி, 2021-இல் வந்தது இந்தத் தாவலைத் தவிர்க்கத்தான்.

சிறுநீரில் புரதம்

பகலில் எடுத்த சிறுநீரில் புரதம் தெரிந்தவுடன் பயந்துவிட வேண்டாம். வளரிளம் பருவத்தினர் பலருக்கு நின்று நடமாடும்போது மட்டும் புரதம் கசியும், படுத்தால் நின்றுவிடும். இது தீங்கற்றது. பிரித்தறிய, இரவு படுக்கும் முன் சிறுநீர் கழிக்கச் செய்து, காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். படுக்கும் முன் கழிக்காவிட்டால், மாலையில் நின்றிருந்தபோது சேர்ந்ததும் அதில் கலந்துவிடும். காலை மாதிரி எடுத்தும் தவறான முடிவு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைச் சோதனை புரதத்தின் அடர்த்தியைத்தான் காட்டும். நிறையத் தண்ணீர் குடித்த குழந்தைக்குப் புரதம் இருந்தும் இல்லை என்று வரும். சிறுநீர் மிகவும் காரத்தன்மையோடு இருந்தால் இல்லாத புரதத்தைக் காட்டும். பட்டை டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரம் பட்டு நிறம் பொய் சொல்லும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு, பெரும்பாலும் 60 விநாடிக்கு, நிறத்தைப் படிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்த நிறத்துக்கு மதிப்பில்லை.

சந்தேகம் வந்தால் புரதம்–கிரியாட்டினின் விகிதம் கேளுங்கள். இரண்டு வயதுக்கு மேல் 0.2-க்குள் இருக்க வேண்டும், அதற்குக் கீழ் 0.5 வரை இயல்பு. 2 அல்லது அதற்கு மேல் என்றால் நெஃப்ரோட்டிக் அளவு, அதாவது புரதம் பெருமளவு கசிந்து உடல் வீங்கும் நோயில் காணும் அளவு. இது மி.கி.க்கு மி.கி. கணக்கு. சில ஆய்வகங்கள் மி.கி.க்கு மில்லிமோல் கணக்கில் கொடுக்கும், அங்கே 2 என்பது ஏறக்குறைய 200 ஆகும். அலகைப் பார்க்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டு, நூறு மடங்கு கூடிவிட்டது என்று இரவோடு இரவாக ஓடக்கூடாது.

ஸ்டீராய்டு: அவசரமும் தாமதமும்

நெஃப்ரோட்டிக் நோய்க்கு முதல் மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 60 மி.கி., நாளொன்றுக்கு 60 மி.கி.க்கு மிகாமல், 4 முதல் 6 வாரம் தினமும் கொடுப்பார்கள். பிறகு 40 மி.கி. வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே அளவு காலம். இங்கே அடிக்கடி நேரும் தவறு, வீங்கியிருக்கும் உடலின் எடையை வைத்து அளவைக் கணக்கிடுவது. அதில் பல கிலோ வெறும் நீர். வீக்கத்துக்கு முந்தைய எடையைக் கேட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

நோய் மறுபடி வந்துவிட்டது என்று சொல்ல, காலைச் சிறுநீரில் தொடர்ந்து மூன்று நாள் பட்டை 3+ (அதிகப் புரதம்) காட்ட வேண்டும். சளி பிடித்த நாளில் ஒருமுறை 3+ வந்து தானாகவே இறங்குவது சாதாரணம். அதற்கே மருந்தைத் தொடங்கினால், ஆண்டு முடிவில் தேவையில்லாத ஸ்டீராய்டு எவ்வளவோ சேர்ந்திருக்கும். முகம் வீங்கட்டும் பார்க்கலாம் என்று பட்டையையே மறப்பது எதிர்ப்பக்கத் தவறு. தினமும் பார்ப்பவர்கள் வீக்கம் வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள்.

நீண்ட நாள் கொடுத்தால் திரும்பி வராது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பிரிட்டனில் நடந்த பிரெட்னாஸ் ஆய்வு 8 வாரத்தையும் 16 வாரத்தையும் ஒப்பிட்டு, 2019-இல் முடிவு சொன்னது: அடுத்த தடவை வருவதை நீட்டித்த மருந்து தள்ளிப்போடவில்லை. சளிக்காலத்தில் ஆறு நாள் தினசரி சிறு அளவு கொடுக்கும் பழக்கமும் 2022-இல் வந்த அடுத்த ஆய்வில் தேறவில்லை.

தினசரி ஸ்டீராய்டுக்கு நான்கு வாரத்தில் அசையாத நோயை, 6 வாரத்துக்குள் உறுதி செய்துவிட்டு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவது முக்கியம். இப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினரிடம் ஒற்றை மரபணுப் பழுது இருப்பதாகப் பன்னாட்டு ஆய்வு ஒன்று 2015-இல் காட்டியது. பழுது வடிகட்டியின் கட்டமைப்பிலேயே இருப்பதால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் அவர்களில் பெரும்பாலோரிடம் வேலை செய்யாது, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். முடிவு வரும் முன் ஒன்றன்பின் ஒன்றாக மருந்தை மாற்றிக்கொண்டே போவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

இன்னொரு பக்கம், வடிகட்டியில் உள்ள நெஃப்ரின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் நெஃப்ரோட்டிக் நோயுள்ள பல குழந்தைகளிடம் இருப்பதை 2024-இல் வந்த ஆய்வு காட்டியது. நோயின் போக்கை ஒரு ரத்தப் பரிசோதனையில் பின்தொடரலாம் என்ற நம்பிக்கை நியாயமானதுதான். ஆனால் மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் இந்த எதிர்ப்பொருள் மறைந்துவிடும். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு ரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் இல்லை என்று எழுதினால் அந்த எழுத்துக்குப் பொருளில்லை.

ரத்த அழுத்தம்

கைப்பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். உள்ளே இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும், நீளம் 80 முதல் 100 சதவீதம். 13 வயதுக்குக் கீழ், 120/80 என்ற பெரியவர் கணக்கை மறந்துவிட்டு, வயது, பாலினம், உயரத்துக்கான அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு கவனம்? ஐரோப்பாவில் 385 குழந்தைகளை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த எஸ்கேப் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ராமிப்ரில் மருந்தைக் கொடுத்தார்கள். ஒரு குழுவில் 24 மணி நேர அழுத்தத்தை அட்டவணையின் நடுக்கோட்டுக்கும் கீழே இறக்கினார்கள், மற்றதில் வழக்கமான அளவோடு விட்டார்கள். சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைந்தவர்கள் அல்லது முற்றிலும் செயலிழந்தவர்கள் முதல் குழுவில் 30 சதவீதம், மற்றதில் 42 சதவீதம். இயல்புக்குள் இருக்கிறதே என்று திருப்தியடைவது எவ்வளவு விலை கேட்கும் என்பது அந்த 12 சதவீத வித்தியாசத்தில் தெரிகிறது.

ராமிப்ரில் வகை மருந்து தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் மருத்துவரிடம் கேட்டு அதை நிறுத்தி வைக்க வேண்டும், அந்த நேரத்தில் காய்ச்சலுக்கு இப்யூபுரூஃபென் கொடுக்கவே கூடாது.

உப்பு, தண்ணீர், புரதம்

தமிழில் பலர் கிரியாட்டினினையே உப்பு என்கிறார்கள். ‘உப்பு கூடியிருக்கிறது’ என்று கேட்டதும் சாப்பாட்டில் உப்பை நிறுத்துகிறார்கள். வீக்கமும் உயர் அழுத்தமும் உள்ள குழந்தைக்கு உப்பைக் குறைப்பது சரிதான். ஆனால் குழந்தைகளின் நாள்பட்ட நோயில் சுமார் பாதி, பிறவியிலேயே சிறுநீரகமோ சிறுநீர்ப் பாதையோ சரியாக அமையாததால் வருவது. இவர்களில் பலரின் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கத் தெரியாமல் வெளியே விட்டுவிடும். அவர்களுக்கு உப்பைக் குறைத்தால், தண்ணீரைக் கட்டுப்படுத்தினால், உடல் வறண்டு வளர்ச்சி நின்றுபோகும். அவர்களுக்கு உப்பை மருந்தாகவே சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

புரதத்தைக் கடுமையாகக் குறைப்பதும் பெரியவர்களிடமிருந்து கடன் வாங்கிய யோசனை. 1997-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அது குழந்தைகளின் நோயைக் குறிப்பிடும்படி மெதுவாக்கவில்லை. வயதுக்கு வேண்டிய புரதம் வேண்டியதுதான்.

முன்கணிப்பு ஆய்வுகளை நம்பும் விதம்

இதய அறுவைக்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகுமா என்று முன்கூட்டியே சொல்ல என்ஜிஏஎல் என்ற புரதம் உதவும் என்று 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. 71 குழந்தைகள், ஒரே மருத்துவமனை. கிரியாட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாள் ஆனது, என்ஜிஏஎல் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டது. கணிப்பின் துல்லியம் கிட்டத்தட்ட முழு மதிப்பான 1. பல மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் 2011-இல் பார்த்தபோது அது 0.7-ஐ ஒட்டி இறங்கியது. 0.5 என்றால் நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம் என்பதை நினைவில் வைத்தால் இறக்கம் புரியும். ஆனாலும் என்ஜிஏஎல் பயனற்றது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. கலவையான நோயாளிகளிடம் எந்தக் குறியீடும் மங்கத்தான் செய்யும்.

இத்தனைக்கும், செலவில்லாத குறியீடு ஒன்றைப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்: சிறுநீர் அளவு. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 4,683 பேரைப் பார்த்த அவேர் ஆய்வில் (2017), சிறுநீர் குறைந்து பழுது அடைந்தவர்களில் 67 சதவீதத்தினரை, கிரியாட்டினினை மட்டும் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பார்கள். டயப்பரை எடைபோட்டு, மணிக்குக் கிலோவுக்கு எத்தனை மி.லி. என்று எழுதும் செவிலியர்தான் அங்கே முன்கணிப்புக் கருவி.

கணினி வழி முன்கணிப்பில் வெளியே தெரியாத ஒரு தவறு உண்டு. ஒரே குழந்தை பத்துத் தடவை வந்திருக்கும். அந்தப் பத்துப் பதிவுகளில் ஏழைக் கற்பிக்கவும் மூன்றைச் சோதிக்கவும் பிரித்துவிட்டால், கணினி நோயைக் கற்பதில்லை, அந்தக் குழந்தையை அடையாளம் கண்டுகொள்கிறது. துல்லியம் அபாரமாக வரும், புதிய குழந்தையிடம் கவிழும். பதிவுகளைப் பிரிக்கக்கூடாது, குழந்தைகளைப் பிரிக்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்குவதை நோயின் முடிவுப்புள்ளியாக வைப்பதிலும் சிக்கல்: எப்போது தொடங்குவது என்பது மருத்துவரின் முடிவு, அது இடத்துக்கு இடம் மாறும்.

கனடாவில் பெரியவர்களுக்காக 2011-இல் உருவான சிறுநீரகச் செயலிழப்பு அபாயச் சமன்பாட்டை 2018-இல் குழந்தைகளிடம் சோதித்தபோது, அபாயம் கூடியவரையும் குறைந்தவரையும் நன்றாகவே பிரித்துக் காட்டியது. ஆனால் வரிசை சரி என்பதும் சதவீதம் சரி என்பதும் வேறு. கணிப்பான் 20 சதவீதம் என்று காட்டிய நூறு பேரில் உண்மையில் இருபது பேருக்குத்தான் அப்படி ஆயிற்றா என்று தனியே பார்க்க வேண்டும்.

சமன்பாட்டில் எந்த நாளின் எண்ணைப் போடுகிறோம் என்பதும் உண்டு. சிறுநீர் வழியில் பிறவி அடைப்பு உள்ள ஆண் குழந்தைகளுக்கு, முதல் ஆண்டில் கிரியாட்டினின் இறங்கிய மிகக் குறைந்த அளவுதான் எதிர்காலத்தைக் காட்டும். அது 1-க்கு மேல் நின்றால் கவலை, 0.8-க்குக் கீழ் இறங்கினால் நம்பிக்கை. அறுவைக்கு முந்தைய நாளின் 2.5-ஐ வைத்துக்கொண்டு இறுதித் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அதேபோல், வயிற்றுப்போக்கில் வறண்டிருந்த நாளில் எடுத்த கிரியாட்டினின் நாள்பட்ட நோயைக் காட்டாது. குழந்தை தேறிய பிறகு ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று, இரண்டுக்கும் அன்றன்றைய உயரம். அதன்பிறகு சமன்பாட்டைத் திறக்கலாம்.