கண்டிஷனல் ஃபார்மேட்டிங்: நிறம் தப்பான செல்லில் ஏறுவது ஏன்?

செல்லில் உள்ள மதிப்பைப் பார்த்துத் தானாக நிறம் ஏற்றும் வசதிதான் கண்டிஷனல் ஃபார்மேட்டிங். இதில் ரூல் தப்பாக இருந்தாலும் எக்செல் பெரும்பாலும் எச்சரிக்காது. ஏதோ ஒரு செல்லில் நிறம் ஏறும், பார்ப்பவரும் நம்பிவிடுவார்.

அதிகம் சறுக்குவது, செல் பெயரில் தனக்கு அடுத்துள்ள எழுத்தையோ எண்ணையோ நகராமல் பூட்டும் டாலர் குறியில்தான். பொருள் இருப்புப் பட்டியலில், டி நெடுவரிசையில் உள்ள எண் 10-க்குக் கீழே போனால் அந்த வரிசை முழுக்கச் சிவக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரூல் பெட்டியில் ஃபார்முலா எழுதும்போது மவுஸால் டி2-வைச் சொடுக்கினால், எழுத்துக்கு முன் ஒன்றும் எண்ணுக்கு முன் ஒன்றுமாக இரண்டு டாலர் வந்துவிடும். அப்புறம் எல்லா வரிசையும் டி2-வையே பார்க்கும். பட்டியல் மொத்தமும் சிவக்கும், இல்லாவிட்டால் எதுவுமே சிவக்காது. எஃப்4-ஐ இரண்டு முறை தட்டுங்கள். எழுத்துக்கு முன்னால் உள்ள டாலர் மட்டும் நிற்கும். அதுதான் வேண்டும்.

டாலர் சரியாக இருந்தும் நிறம் வேறு வரிசையில் விழுகிறதா? பட்டியலைக் கீழிருந்து மேலே இழுத்துத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஃபார்முலா ஆக்டிவ் செல்லை, அதாவது தேர்வைத் தொடங்கிய செல்லை, வைத்தே நகரும். 2-ஆம் வரிசையில் தொடங்கிக் கீழே இழுத்தால்தான் டி2 என்று எழுதுவது பொருந்தும்.

காலி செல்லை ஃபார்முலா 0 என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் இன்னும் எண் போடாத வரிசைகளும் சிவக்கும். எல்லா நிபந்தனையும் பொருந்தினால்தான் சரி என்னும் ஆண்ட் (AND) ஃபங்ஷனில் 'காலி இல்லை' என்ற நிபந்தனையையும் சேர்த்தால் போதும். இதைவிட ஆபத்து, டெக்ஸ்டாக உட்கார்ந்திருக்கும் எண். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலில் இது சகஜம். ஒப்பிடும்போது எந்த எண்ணையும்விட டெக்ஸ்ட் பெரியது என்பது எக்செல் கணக்கு. ஆகவே மூன்றே மிச்சமுள்ள பொருள் சிவக்காமல் நழுவிவிடும், அதுதான் உடனே கண்ணில் பட வேண்டிய வரிசை. செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண்ணையும் மூலையில் தெரியும் பச்சை முக்கோணத்தையும் பார்த்தால் முதலில் எண்ணாக மாற்றுங்கள், பிறகு ரூல் போடுங்கள்.

திரையில் 10 என்று தெரியும் செல் சிவந்திருந்தால் உள்ளே 9.6 இருக்கலாம். ரூல் பார்ப்பது உண்மையான மதிப்பை, ரவுண்ட் செய்து காட்டுவதை அல்ல.

5-க்குக் கீழே சிவப்பு, 10-க்குக் கீழே மஞ்சள் என இரண்டு ரூல் இருந்தால் சிவப்பு மேலே இருக்க வேண்டும். புதிய ரூல் எப்போதும் மேலே போய் உட்காரும் என்பதால், மஞ்சளைக் கடைசியாகப் போட்டால் 3-ம் மஞ்சளாகிவிடும். போட்ட ரூல்களைப் பட்டியலிடும் மேனேஜ் ரூல்ஸில் அம்புக்குறியால் இடம் மாற்றலாம்.

சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை நிறம் படிப்படியாக மாறும் கலர் ஸ்கேல் போடும்போது மொத்தக் கூட்டல் வரிசையை விட்டுவிடுங்கள். அந்த ஒரு பெரிய எண் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மற்ற எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறமாக வெளுத்துவிடும்.

நாள்பட்ட ஷீட்டைக் கெடுப்பது காப்பி பேஸ்ட். ஒட்டும் செல்லோடு அதன் ரூலும் வந்து, ஒரே ரூல் துண்டு துண்டாகப் பெருகும். கண்ட்ரோல், ஆல்ட், வி அழுத்தி வேல்யூஸ் மட்டும் ஒட்டுங்கள். ஏற்கெனவே சிதறியிருந்தால், மேனேஜ் ரூல்ஸில் 'திஸ் வொர்க்‌ஷீட்' தேர்ந்தெடுத்து, ஒன்றை மட்டும் வைத்து மற்றதை அழித்துவிட்டு, அதன் 'அப்ளைஸ் டு' பெட்டியில் முழு எல்லையையும் கொடுங்கள்.