வால்பாறை 40 வளைவு: ஏறுவது இருக்கட்டும், பைக்கில் இறங்குவது எப்படி?

வால்பாறைக்கு பைக்கில் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "என் வண்டி ஏறுமா?" என்றுதான். ஏறும். 100 சிசி ஸ்பிளெண்டரில் பின்னால் ஆள், முன்னால் மூட்டை என்று வைத்துக்கொண்டு எஸ்டேட்டுக்காரர்கள் போய்வருகிற ரோடு அது. கவலைப்பட வேண்டியது இறக்கத்தைப் பற்றி. ஆனால் அதை யாரும் கேட்பதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரைக்கும் தென்னந்தோப்புக்கு நடுவே சமதளம், அதற்கப்புறம்தான் மலை. விடியற்காலையில் பொள்ளாச்சியை விட்டுவிட்டால் நல்லது, ஒன்பது பத்து மணிக்கு மேல் வாரக்கடைசி கார்கள் வரிசையாக வந்து சேர்ந்துகொள்ளும், அவர்கள் பின்னால் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே ஏறுவது பெரிய தொல்லை. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறை வால்பாறைக்கும் வந்துவிட்டது, அதை முந்தின நாளே ஆன்லைனில் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுங்கள். ஆழியாறு வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். குரங்கருவிப் பக்கம் வண்டியை நிறுத்தினால் டேங்க் பையில் தின்பண்டம் இருக்கக்கூடாது, ஜிப்பைத் திறக்க அங்கே இருக்கிற குரங்குகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கிளம்புவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பிரேக். பின்சக்கர பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா, முன் டிஸ்க் பேட் எவ்வளவு மிச்சம், பிரேக் ஆயில் கறுத்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறின ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும், ஆவி போய்க் குழாயில் உட்கார்ந்துவிட்டால் லீவரை அழுத்தினாலும் கைப்பிடி வரை போகுமே தவிர வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது.

ஏற்றத்தில் சிக்கல் கொடுப்பது இடது பக்கம் திரும்புகிற வளைவுகள். நாம் இடப்புறம் போகிறவர்கள், அதனால் அந்த வளைவின் உள்விளிம்பு நமக்கு வாய்க்கும், அங்கேதான் ரோடு செங்குத்தாக நிற்கும். விளிம்பை ஒட்டி உள்ளே நுழைந்து, பாதியில் இன்ஜின் திணறி, கியரைக் குறைக்கப் போய் வண்டி ஆஃப் ஆகிக் காலை ஊன்றினால், தரை எங்கோ கீழே இருக்கும். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு, சின்ன வண்டியில் இரண்டு பேர் என்றால் முதல் கியருக்கே வந்துவிடுங்கள். ரோட்டில் உங்கள் பாதியின் நடுவிலேயே வண்டியை வைத்து, கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல் வளைவு முடிகிற இடத்தில் வைத்து, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடித்துத் திருப்புங்கள். வலது பக்க வளைவில் இடம் தாராளமாக இருக்கும், அதனாலேயே குறுக்கே வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், எதிரே இறங்குகிறவருக்கு அதுதான் அவருடைய பாதி.

அப்புறம் பேருந்து. கொண்டை ஊசியில் பேருந்துக்கு முழு ரோடும் வேண்டும். முகப்பு வெளிப்பக்கம் போவதைப் பார்த்து, உள்ளே இடம் கிடைத்துவிட்டது என்று நுழைகிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்விளிம்பை நோக்கி அறுத்துக்கொண்டு வரும். ஹாரன் கேட்டவுடனே வளைவுக்கு முன்னாலேயே ஓரங்கட்டி நின்றுவிடுங்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும், இது மரியாதை மட்டுமில்லை, மோட்டார் வாகன விதியே அப்படித்தான்.

பலகையில் 9/40, அதாவது நாற்பதில் ஒன்பதாவது வளைவு என்று வரும் இடம் லோம்ஸ் வியூ. ஆழியாறு அணை முழுசாகக் கீழே தெரியும். தடுப்புச்சுவரின் மேலேயோ பக்கத்துப் பாறையிலோ வரையாடு நின்றுகொண்டிருக்கும், பல நேரம் நாலைந்து அடி தூரத்தில், நம்மைக் கண்டுகொள்ளாமல் புல்லைக் கடித்தபடி. பிஸ்கட் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும், மெதுவாகப் போங்கள். வால்பாறையைச் சுற்றின தோட்டங்களில் சிவப்பு விளக்கு மின்னினால் அது அலங்காரம் இல்லை, பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். அங்கே போனை எடுக்காமல், வந்த பக்கமே திரும்பிவிடுங்கள்.

சரி, இறக்கம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வளைவு நெருங்கும்போது மட்டும்தான் வேலை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, இன்னும் சிலர் சாவியையே அணைத்து உருட்டுகிறார்கள். மிச்சமாவது சில ரூபாய், அந்தப் பளு முழுக்க பிரேக் மேல் விழுகிறது. பின்பிரேக்கில் காலை வைத்தபடியே பத்து வளைவு இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகின வாடை வந்தாலோ, மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ அகலமான இடத்தில் நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். பிரேக்கை வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிடித்து, விட்டுவிட்டுத் திருப்புங்கள். சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிடிப்பு குறைவு, போதாததற்கு ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்தால் ஆயிலும் குறைவாகத்தான் போகும். இடையிடையே கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் உட்காருகிறவர் இறக்கத்தில் உங்கள் முதுகில் சரிந்துகொண்டே வருவார், உங்கள் கை முழு எடையையும் தாங்கி மரத்துப்போகும். ஒரு கையை டேங்கில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வளைவில் எதிர்ப்பக்கம் சாயக்கூடாது என்பதையும் ஆழியாறிலேயே சொல்லிவிடுங்கள், பாதி மலையில் சொன்னால் அதுவே சண்டையாகும்.

மழையில் வழுக்குவது தண்ணீரால் மட்டும் இல்லை. வெயில் படாத வளைவில் ரோட்டோரம் பாசி இருக்கும், லாரி சிந்தின டீசல் வானவில் நிறத்தில் மின்னும், இரண்டையும் பார்த்தால் நேராகக் கடந்து அப்புறம் திருப்புங்கள். கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோபீமில் ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பிடித்துப் போங்கள்.

வந்த வழியே திரும்பாமல் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி, சாலக்குடி என்று இறங்க ஆசைப்படுவீர்கள், ரோடு அவ்வளவு அழகு. ஆனால் அது காட்டு ரோடு, கேரள செக்போஸ்ட்டில் நுழைகிற நேரத்தைக் குறிப்பார்கள், நடுவில் நிற்க அனுமதி இல்லை, சாயங்காலம் மூடிவிடுவார்கள். 2022-ல் அந்த ரோட்டில் கபாலி என்ற கொம்பன் யானை எதிரே நடந்து வர, ஒரு தனியார் பேருந்து 8 கிலோமீட்டர் பின்னோக்கியே ஓடியது. பைக்கில் ரிவர்ஸ் கிடையாது. மதியத்துக்குள் செக்போஸ்ட்டை எட்ட முடியாதென்றால், பேசாமல் ஆழியாறு வழியாகவே இறங்கிவிடுங்கள்.