திருகோணமலை சிறுவர் இல்லத்துக்கு மிஷன் ட்ரிப் வாறீங்களா, டிக்கெட் போட முதல் வாசிங்கோ

ஓகஸ்ட் வந்தாக் காணும், கனடா, லண்டன், அவுஸ்திரேலியா எண்டு எங்கட ஆக்கள் இருக்கிற சபையளில இருந்து யூத் டீம் ஒண்டு ரெண்டு ட்ரிங்கோவுக்கு வந்து இறங்கும், எல்லாருக்கும் ஒரே கலர் டீ-ஷர்ட், முதுகில யாக்கோபு 1:27, திக்கற்ற பிள்ளையளையும் விதவையளையும் அவையளிட உபத்திரவத்தில விசாரிக்கிறதுதான் சுத்தமான பக்தி எண்டு சொல்லுற பைபிள் வசனம். இஞ்ச அவையளைக் கூட்டிக்கொண்டு திரியிற ஆள் நான்தான். வான் பிடிக்கிறது, சிங்களத்தில கதைக்கிறது, வயித்தால போனா ஃபார்மசிக்கு ஓடுறது எல்லாம் என்ர தலையில. அதால நான் பாத்ததைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ.

அந்த வசனத்தில தமிழ் பைபிள் போட்டிருக்கிற சொல்லு "விசாரிக்கிறது". எங்கட ஊரில விசாரிக்கிறது எண்டா சுகம் கேக்கிறதும்தான், வடிவாத் துருவிக் கேக்கிறதும்தான். அதோட திக்கற்ற பிள்ளையளுக்குப் பக்கத்திலயே விதவையளையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு, அதை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை. நீங்கள் "அநாதைப் பிள்ளையள்" எண்டு நினைச்சுக்கொண்டு வாற பிள்ளையளில கனபேருக்கு தாயோ தகப்பனோ உயிரோட இருக்கினம். தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிருப்பா, இல்லாட்டி புருஷன் செத்து மூண்டு பிள்ளையை வச்சு சோறு போட ஏலாம ஒண்டைக் கொண்டு வந்து விட்டிருப்பா. இது இலங்கையில மட்டும் இல்லை, உலகம் முழுக்க இல்லங்களில இருக்கிற பிள்ளையளிட கதை கூடுதலா இதுதான். அதால முதல் வேலை விசாரிக்கிறது, பெட்டி அடுக்கிறது அதுக்குப் பிறகு.

என்னத்தை விசாரிக்கோணும்? இல்லம் பதிஞ்சிருக்கா எண்டு. 1941இலயே அநாதை இல்லங்களைப் பதியச் சொல்லி இலங்கையில சட்டம் வந்திட்டுது, இப்ப கிழக்கு மாகாணத்தில நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம்தான் இதைப் பாக்குது. பதிவு இருக்கா, பிள்ளையள் கோர்ட் ஓடராலயோ நன்னடத்தை அலுவலர் (அந்தத் திணைக்களத்து ஆள்) மூலமாவோ வந்தவையா, வெளி ஆக்கள் வந்து தங்கி வேலை செய்ய அனுமதி எடுத்தாச்சா, மூண்டையும் ஈமெயில் போட்டுக் கேளுங்கோ. ஒழுங்கான இடமெண்டா டக்கெண்டு பதில் வரும். "அதெல்லாம் பிரச்சினை இல்லை, நீங்கள் சும்மா வாங்கோ, எத்தனை பேர் வாறீங்கள், காசு எவ்வளவு" எண்டு பதில் வந்தா அந்த இடத்தை விட்டிடுங்கோ. வெளிநாட்டு ஆக்கள் வாறதாலயே பிள்ளையளைச் சேர்த்து வச்சிருக்கிற இடங்கள் உலகத்தில இருக்கு, 2017இல அவுஸ்திரேலியப் பாராளுமன்றக் குழு ஒண்டு நவீன அடிமைத்தனம் பற்றி அறிக்கை எழுதேக்க இதையும் சேர்த்து எழுதினது, 2019 டிசம்பரில ஐநா பொதுச்சபைத் தீர்மானத்திலயும் இந்தச் சுற்றுலாத் தொண்டு பிள்ளையளுக்குக் கெடுதல் செய்யும் எண்டு வந்தது. நாங்கள் பைபிளோட வாறம் எண்டதால எங்களுக்கு இது பொருந்தாது எண்டு நினைக்காதேங்கோ.

பொலிஸ் செக் கட்டாயம். கனடாவெண்டா வல்னரபிள் செக்டர் செக், பிரிட்டன் எண்டா டிபிஎஸ், அவுஸ்திரேலியா எண்டா வேர்க்கிங் வித் சில்ட்ரன் செக். பாஸ்டர்ட மகன் எண்டாலும் எடுக்கோணும். இஞ்ச ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு விடாதேங்கோ, கேக்காட்டியும் கொண்டு வந்து குடுங்கோ, அப்பதான் அடுத்த டீமிட்ட கேக்க இல்லத்து ஆக்களுக்கு வாய் வரும். வீசாவும் அப்பிடித்தான். டூரிஸ்ட் வீசா எண்டது சுத்திப் பாக்கிறதுக்கு, தொண்டு எண்டாலும் வேலை வேலைதான், அதால என்ன வீசா எண்டதை உங்கட நாட்டில இருக்கிற இலங்கைத் தூதரகத்திட்டக் கேட்டுப்போட்டு வாங்கோ.

இனி எப்ப வாறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் கச்சான் காத்து, வெயில் மண்டையைப் பிளக்கும் ஆனா காய்ஞ்சு கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடையும் மழையும். ஒருக்கா ஒரு டீம் கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து மதிலுக்கு பெயின்ட் அடிச்சினம், பத்துப் பேர் ரெண்டு நாள், சிலுவை, புறா, வானவில் எல்லாம் கீறி. மூண்டாம் நாள் மழை பிடிச்சுது. வானவில் வழிஞ்சு கானுக்குள்ள போச்சு. பிறகு மாசியில உள்ளூர் பாஸ், அதாவது தொழில் தெரிஞ்ச பெயின்ட் வேலையாள், ஒராள்தான் சுரண்டிப்போட்டுத் திருப்பி அடிச்சவர், அதுக்குக் காசு இல்லத்தின்ர அரிசிக் காசு. பெயின்ட் அடிக்கோணும் எண்டு ஆசையெண்டா அந்தப் பாஸுக்குச் சம்பளத்தைக் குடுத்திட்டு நீங்கள் அவருக்கு வாளி தூக்குங்கோ.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். பிள்ளையளைக் கட்டிப் பிடிக்கிறது, மடியில வச்சிருக்கிறது, தலை இழுத்து விடுறது, இதுக்குத்தான் கனபேர் வாறவை, ஒளிக்காமச் சொல்லுங்கோ பாப்பம். எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்னப் பொடியன், எந்த டீம் வந்தாலும் வானால முதல் இறங்கிற ஆளிட்ட ஓடிப்போய்க் கையைப் பிடிப்பான், விட மாட்டான். டீம் ஆக்கள் உருகிப் போவினம், "என்ன பாசம் பாருங்கோ" எண்டு. ரெண்டு மூண்டு வருசத்துக்குப் பிறகுதான் நான் ஒண்டைக் கவனிச்சன், அவன் ஒருத்தரிட்டயும் பேர் கேக்கிறேல்லை. பத்து நாளில போற ஆளுக்குப் பேர் எதுக்கு. மாறி மாறி ஆக்கள் வந்து ஒட்டி ஒட்டிப் பிரிஞ்சா பிள்ளைக்கு அப்பிடித்தான் ஆகும் எண்டு பிறகு ஒரு கவுன்சிலர் அக்கா எனக்கு விளங்கப்படுத்தினவ. தமிழ்நாட்டு டோனாவூரில பிள்ளையளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார்ட கதையை எல்லா டீமும் பிரசங்கத்தில சொல்லுறவை, சரி, ஆனா அவ 1895இல இந்தியாவுக்கு வந்தவ, 1951இல டோனாவூரிலயே செத்தவ, நடுவில ஒருக்காக் கூட ஊருக்குத் திரும்பிப் போகேல்லை. அவவை பத்து நாள் ட்ரிப்புக்கு உதாரணமாச் சொல்லேலாது.

அப்ப வந்து என்ன செய்யிறது எண்டா, பிள்ளையளைப் பாக்கிற ஆக்களைப் பாருங்கோ. மேட்ரன் அம்மா கடைசியா எப்ப லீவு எடுத்தவ எண்டு கேளுங்கோ. சமையல் அக்காவோட குசினியில நிண்டு தேங்காய் துருவுங்கோ, சட்டி கழுவுங்கோ. டீமில அக்கவுண்டன் இருந்தா கணக்குப் புத்தகத்தை ஒழுங்குபடுத்திக் குடுக்கலாம், நேர்ஸ் இருந்தா ஸ்டாஃபுக்கு முதலுதவி பழக்கலாம், பிளம்பிங் தெரிஞ்சா தண்ணி டேங்கைப் பாருங்கோ, இங்கிலிஷ் டீச்சர் எண்டா பிள்ளையளுக்கு நேரடியாப் படிப்பிக்காம அங்க எப்பவும் இருக்கிற டியூஷன் ரீச்சருக்குப் பழக்கிப்போட்டுப் போங்கோ, அது நீங்கள் போனாப் பிறகும் நிக்கும். பிள்ளையளோட விளையாடவே கூடாது எண்டு சொல்லேல்லை, பின்னேரம் முத்தத்தில எல்லாரும் பாக்க கிரிக்கெட் அடியுங்கோ. தனிய அறைக்குள்ள ஒரு பிள்ளையோட நிக்கிறது, படுக்கிற பக்கம் போறது, ஆட்டோவில ஏத்தி நிலாவெளி கடலுக்குக் கொண்டு போறது, நம்பர் மாறுறது, பேஸ்புக்கில ஃப்ரெண்ட் ஆகிறது, இது ஒண்டும் வேண்டாம். என்னவும் பிழையாக் கண்டா டீமுக்குள்ள மூடி மறைக்காதேங்கோ, 1929க்கு அடியுங்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, தமிழிலயும் கதைக்கலாம்.

போட்டோ பற்றி ஒரு வசனம்தான், முகம் தெரிய ஒண்டும் போடாதேங்கோ, உங்கட பிள்ளையை ஒரு அந்நியன் வந்து "பாவம்" எண்டு எழுதிப் போட்டா விடுவீங்களா.

வரவேற்பு டான்ஸும் வேண்டாம் எண்டு முன்கூட்டியே எழுதுங்கோ. உங்களுக்கு மாலை போட்டு ஆடிக் காட்டுறதுக்கு ரெண்டு கிழமை டியூஷனை விட்டுப்போட்டுப் பழகுவினம், ஸ்கொலர்ஷிப் எழுதிற பிள்ளையும் சேர்த்து. "அப்பா எப்பிடிச் செத்தவர்" எண்டு பிள்ளையிட்டக் கேக்காதேங்கோ, யுத்தமும் சுனாமியும் பாத்த ஊர் இது, தானாச் சொன்னாக் கேளுங்கோ. இல்லத்தில சைவப் பிள்ளையளும் இருப்பினம், வெள்ளிக்கிழமை தாய் வந்து கோணேசர் கோயில் திருநீறு பூசிப்போட்டுப் போவா. சொக்லேட்டைக் குடுத்துப்போட்டு "ஆர் இயேசுவை ஏற்றுக்கொள்ளுறீங்கள், கையைத் தூக்குங்கோ" எண்டு கேட்டா எல்லாக் கையும் தூக்கும், அதை எண்ணிக்கொண்டு போய் அங்க ரிப்போர்ட் வாசிக்காதேங்கோ. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோட மதம் குடுத்தவை எண்ட பேர் எங்களுக்கு இன்னும் போகேல்லை, நீங்கள் ப்ளைட் ஏறினாப் பிறகு பக்கத்து வீட்டுக்காரரிட்ட மறுமொழி சொல்லுறது இஞ்சத்தைச் சபைதான்.

சாமான் அங்கயிருந்து காவ வேண்டாம். மேட்ரனிட்ட லிஸ்ட் கேட்டு இஞ்ச டவுனிலயே வாங்குங்கோ, கூடுதலா ஸ்கூல் சப்பாத்து, உள்ளுடுப்பு, பொம்பிளைப் பிள்ளையளுக்கு பேட், கொப்பி, நுளம்பு வலை, இதுதான் வரும். காசைக் கையில குடுக்காம இல்லத்தின்ர பேங்க் கணக்குக்குப் போட்டு ரிசீட் வாங்குங்கோ. முடிஞ்சா, ஒரு பிள்ளையைத் தாயிட்டயே திருப்பி அனுப்ப என்ன செலவு வரும் எண்டு நன்னடத்தை அலுவலரிட்டக் கேட்டுப் பாருங்கோ, சில நேரம் ஒரு தையல் மெஷினும் ஆறு மாச வாடகையும்தான், உங்கட டீமில ஒராளின்ர டிக்கெட் காசுக்குள்ள முடியும். விதவையள் எண்டு அந்த வசனத்தில கிடக்கிறது இதுக்குள்ளதான் வரும்.

போற நாளை முதல் நாளே பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, எத்தனையாம் திகதி போறம் எண்டு. கடைசி நாள் ஒப்பாரி வைக்கிறது, "அடுத்த வருசம் கட்டாயம் வருவன்" எண்டு சொல்லுறது வேண்டாம், டிக்கெட் போட்டாப் பிறகு மேட்ரனுக்கு எழுதினாக் காணும். கொழும்புக்கு இரவு ரயிலெண்டா சீட்டை முன்னமே புக் பண்ணிப்போடுங்கோ, ஓகஸ்டில வெள்ளைக்காரர் எல்லாம் நிலாவெளியில நிப்பினம், கடைசி நேரம் என்னட்டக் கேட்டா என்னாலயும் எடுத்துத் தரேலாது.