சிஸ்டம் காலில் பைட் வரிசை: எதைத் திருப்பக் கூடாது?

கோத்தகிரிப் பக்கம் நண்பரின் தேயிலைத் தொழிற்சாலையில், விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையைக் குறித்துவைக்கும் நிரல் ஒன்று மிப்ஸ் என்ற செயலி உள்ள பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் பெட்டி போய்விட்டது. சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. இருந்த இயங்குகோப்பை இன்டெல் கணினியில் ஓடவைக்கச் சின்னதாக ஓர் எமுலேட்டர், அதாவது வேறு செயலிக்கான நிரலை ஓட்டித் தரும் நிரல், எழுதினேன். கோப்பைப் படி, எழுது என்று நிரல் கேட்கும் சிஸ்டம் கால்களை வாங்கி, லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் அதன் வேலை. அதில் நான் பட்டவற்றை எழுதுகிறேன், நீங்கள் படவேண்டாம்.

அந்த மிப்ஸ் பிக் எண்டியன்: எண்ணின் பெரிய பக்கத்து பைட் முதலில் வரும். இன்டெல் லிட்டில் எண்டியன், நேர் எதிர். 1 என்ற 32 பிட் எண்ணை அப்படியே படித்தால் 16777216 ஆகிவிடும். சரி, எல்லாவற்றையும் திருப்பிவிட்டால் போச்சு என்று தோன்றும். முதல் தவறு அதுதான்.

எடைக்கோப்பில் எழுதும் ‘ரைட்’ அழைப்பின் பஃபரை (எழுதவேண்டிய தரவு இருக்கும் நினைவிடம்) நான்கு நான்கு பைட்டாகத் திருப்பினேன். ஆங்கில எழுத்தில் இருந்த விவசாயிகளின் பெயர்களெல்லாம் நாலு நாலு எழுத்தாகப் புரண்டு வந்தன. அந்தப் பஃபர் நிரலின் சொந்தச் சரக்கு, கெர்னல் அதைப் படித்துப் பொருள் கொள்வதில்லை. முகவரியையும் நீளத்தையும் மட்டும் சரியாகக் கொடுத்தால் போதும். திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருந்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்கு இது சட்டென்று புரியும். திஸ்கியில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் பின்னால். ‘கெ’யை இடம் மாற்றவேண்டும், ‘கா’வைத் தொடக் கூடாது.

ஆனால் ‘ரீட்’ என்றாலே தொடவேண்டாம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். நிகழ்வுகளை எண்ணும் ஈவன்ட்எஃப்டியிலிருந்து வரும் 8 பைட் கெர்னல் வைத்திருக்கும் எண். கோப்பு மாற்றத்தைச் சொல்லும் ஐநோட்டிஃபை, சிக்னல் வந்ததைச் சொல்லும் சிக்னல்எஃப்டி இரண்டும் பல எண்கள் சேர்ந்த தொகுப்பாக, ஸ்ட்ரக்டாகத் தருகின்றன. இவற்றைத் திருப்பியே ஆகவேண்டும். ஆகவே எந்த எஃப்டி (திறந்த கோப்புக்குக் கெர்னல் தரும் எண்) எந்த வகை என்று எமுலேட்டர் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

நெட்வொர்க் இணைப்புக்கான சாக்கெட் முகவரியில் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் இரண்டு வழக்கம். எந்த வகை முகவரி என்று சொல்லும் குடும்ப எண் இயந்திரத்தின் வரிசையில் இருக்கும், அதைத் திருப்பவேண்டும். விட்டுவிட்டால் 2 என்பது 512 ஆகி, சாக்கெட்டுக்கு முகவரி கொடுக்கும் ‘பைண்ட்’ அழைப்பு உடனே பிழை தரும். போர்ட்டும் ஐபி முகவரியும் எந்த இயந்திரத்திலும் நெட்வொர்க் வரிசையில்தான், அதாவது பிக் எண்டியனில்தான் இருக்கும், தொடக் கூடாது. தொட்டால் 8080 போர்ட் 36895 ஆகும். பிழை எதுவும் வராது, பைண்ட் வெற்றி என்றே சொல்லும். மணிக்கணக்கில் ஃபயர்வாலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கியூஎமு என்ற எமுலேட்டரில் ஓட்டுபவர்கள், சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் அதன் ஸ்ட்ரேஸ் வசதியை உள்ளேயும், சாதாரண ஸ்ட்ரேஸை வெளியேயும் போட்டு, இரண்டு போர்ட் எண்களையும் ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எனக்கு அதிக நாள் பிடித்தது, கோப்பில் குறிப்பிட்ட இடத்திலிருந்து படிக்கும் ‘பிரீட்64’. 32 பிட் மிப்ஸில் அந்த இடத்தைச் சொல்லும் 64 பிட் ஆஃப்செட் இரண்டு துண்டாக வரும். பிக் எண்டியனில் மேல் பாதி முதலில், லிட்டில் எண்டியனில் கீழ் பாதி முதலில். போதாக்குறைக்கு அந்த ஜோடி (0-இலிருந்து எண்ணினால்) இரட்டைப்படை இடத்தில் தொடங்கவேண்டும் என்பதால், நடுவே வெற்று ஆர்கியுமென்ட் ஒன்றும் இருக்கும். பாதிகளை மாற்றிச் சேர்த்தால் 4096 என்ற ஆஃப்செட் 16 டெராபைட்டுக்குப் போய்விடும். அங்கே படித்தால் 0 பைட் திரும்பும். கோப்பு முடிந்துவிட்டது என்று நிரல் அமைதியாக நின்றுவிடும். எடைக்கணக்கில் பாதி நாள் காணாமல் போனது இப்படித்தான்.

பிழை எண்களைப் பைட் வரிசைக் கோளாறு என்று தேடாதீர்கள். ‘அப்படி ஓர் அழைப்பே இல்லை’ என்பதற்கு இன்டெலில் 38, மிப்ஸில் 89. அதற்குத் தனி அட்டவணை வேண்டும்.

அப்புறம் சோதனை. இன்டெலில் ஆர்ம் செயலிக்கான நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். வழக்கமாக இரண்டுமே லிட்டில் எண்டியன், திருப்ப மறந்த இடமெல்லாம் சரியாகவே ஓடும். பிக் எண்டியனுக்கு டெபியன் லினக்ஸின் எஸ்390எக்ஸ் (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) பதிப்பு எளிதாகக் கிடைக்கும். ஆனால் அது 64 பிட். ஆஃப்செட் ஜோடிக் கோளாறு அதில் தெரியாது. அதற்கு 32 பிட் மிப்ஸ் அல்லது பவர்பிசி நிரல் ஒன்றையும் கட்டாயம் ஓட்டுங்கள்.