மூன்று பெட்டி, மூன்று கடிகாரம்: மறைக்காணிப் பதிவை எடுத்துப் பத்திரப்படுத்துவது எப்படி?

எங்கள் ஊர் மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், செம்பனைக்கும் மிச்சமிருக்கும் பால்மரத்துக்கும் நடுவில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் கோயில் உண்டியலை யாரோ உடைத்துவிட்டார்கள். கோயிலில் மறைக்காணி (சிசிடிவி) உண்டு, எதிரே மளிகைக் கடையிலும் உண்டு, பக்கத்து மண்டபத்தில் ஒரு வைஃபை கேமராவும் உண்டு. அப்புறம் என்ன கவலை என்றுதான் நினைத்தோம்.

மூன்றிலிருந்தும் பதிவைப் பார்த்தபோது, ஒரே மோட்டார் சைக்கிள் கோயிலின் பதிவுப் பெட்டியில் விடியற்காலை 2:14க்கும், கடைப் பெட்டியில் 2:51க்கும் போனது. மண்டபத்துக் கேமராவின் கோப்பில் அது முந்தின நாள் மாலை 6:49! புகார் எழுதிக்கொண்டிருந்த சார்ஜன் நிமிர்ந்து பார்த்து, "ஜாம் மானா யாங் பெத்துல்?" என்று கேட்டார். எந்த மணி சரி என்று சொல்ல எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கேமரா விஷயம் அன்றிலிருந்து என் தலையில் விழுந்தது. நான் இந்தத் தொழில் படித்தவன் இல்லை. கோயில், கடை, தமிழ்ப்பள்ளி, பொது மண்டபம் என்று ஆளுக்கொரு பெட்டி வைத்திருக்கும் சிற்றூர்க்காரர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: உங்களிடம் இருப்பது என்ன பெட்டி?

பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். முறுக்கிப் பூட்டும் வட்டமான உலோக முனைகள் வரிசையாக இருந்தால் அது டி.வி.ஆர். கேமராவிலிருந்து தடித்த கோஆக்சியல் வயர் வரும். இன்டர்நெட் கேபிள் செருகும் சதுரத் துளைகள் மட்டும் இருந்தால் என்.வி.ஆர். பெட்டியே இல்லாமல், கேமராவின் அடியில் நகம் அளவு மெமரி கார்டு இருந்தால் அது மூன்றாவது வகை. எங்கள் தெருவில் மூன்றும் உண்டு: கோயிலில் பழைய டி.வி.ஆர், கடையில் என்.வி.ஆர், மண்டபத்தில் கார்டு.

இரண்டாவது: எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்

"ஒரு மாசத்துப் பதிவு இருக்கும்" என்று வயரிங் செய்தவர் சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் நம்பினோம். இந்தப் பெட்டிகள் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். பதிவு தானாகப் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது, அலைக்குப் பக்கத்தில் மணலில் கோலம் போட்டதற்குச் சமம்.

கணக்கு சுலபம். பெட்டியின் அமைப்புகளில் ஒவ்வொரு கேமராவுக்கும் வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று இருக்கும். கிலோபிட்டில் காட்டினால் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அதை 10.8 ஆல் பெருக்கினால், ஒரு நாளைக்கு எத்தனை ஜிகாபைட் என்று வரும். 2 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட். எங்கள் கோயிலில் எட்டுக் கேமரா, ஆக 172.8. டிஸ்க் 1 டெராபைட். ஆறு நாள்கூட முழுதாக வராது! ஒரு மாசமாம்.

பெட்டியும் கேமராவும் காணொளியைச் சுருக்கும் எச்.265 முறையை ஏற்றுக்கொண்டால், பழைய எச்.264இலிருந்து அதற்கு மாற்றுங்கள். ஏறக்குறைய அதே தெளிவுக்குப் பாதி இடம் போதும். ஆள் நடமாடும்போது மட்டும் பதியும்படி வைத்தாலும் நாள் கூடும். ஆனால் எங்கள் வாசலில் வேப்பமரம் ஆடினாலே அது பதிய ஆரம்பித்துவிடுகிறது, அதனால் நான் அதை நம்புவதில்லை.

மூன்றாவது: கடிகாரம். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்

ஏதாவது நடந்துவிட்டால், பெட்டியின் மணியைத் திருத்த உடனே கை பரபரக்கும். தொடாதீர்கள். பழைய பதிவுகளில் ஏறிய மணி மாறப் போவதில்லை. இப்போது திருத்திவிட்டால், அன்று எவ்வளவு தப்பாக இருந்தது என்பதை அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. மணியைப் பின்னுக்குத் திருப்பினால் இன்னும் மோசம், ஒரே மணிக்கு இரண்டு பதிவு வந்து நிற்கும்.

நான் செய்தது இது. கைத்தொலைபேசியில் வினாடி ஓடும் கடிகாரத்தைத் திறந்தேன். அது தானாக நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பெட்டியோடு இணைத்த திரையில் ஓடும் மணிக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்து, இரண்டும் தெரியும்படி இன்னொரு தொலைபேசியால் படம் எடுத்தேன். கடையிலும் அதையே செய்தேன். மண்டபத்துக் கேமராவுக்குத் திரை இல்லை. அதற்குத் தொலைபேசியையே கேமராவின் முன்னால் காட்டிவிட்டு, அப்புறம் கார்டில் அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன்.

கோயில் பெட்டி 35 நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பெட்டி 2 நிமிடம் முந்தி. 2:14உடன் 35ஐக் கூட்டுங்கள், 2:51இல் 2ஐக் கழியுங்கள். இரண்டும் 2:49. மண்டபத்துக் கார்டு உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. நம் நேரம் அதைவிட எட்டு மணி முன்னால். மாலை 6:49உடன் எட்டைக் கூட்டினால் மறுநாள் விடியற்காலை 2:49. தேதியும் மாறிவிடுவதால்தான் அந்தக் கோப்பு முதலில் கண்ணில் படவே இல்லை.

இந்தக் கணக்கை ஒரு 555 புத்தகத்தில் எழுதினேன். கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். எந்தப் பெட்டி, எத்தனை நிமிட வித்தியாசம், யார் பார்த்தது, என்றைக்கு. சார்ஜனுக்கு நான் காட்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்.

வேண்டிய பதிவையெல்லாம் எடுத்து முடித்த பிறகே மணியைத் திருத்துங்கள். இணையத் தொடர்பு இருந்தால் இணையத்திலிருந்து மணியைத் தானே எடுத்துக்கொள்ளும் என்.டி.பி என்ற அமைப்பைத் திறந்துவிட்டு, நேர வலயத்தைக் கூட்டல் எட்டில் வையுங்கள். இடி மழையில் கரண்டு போய் வந்த பிறகு மணி 2000ஆம் ஆண்டு சனவரிக்கே போய்விடுகிறதா? பெட்டிக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி செத்துப்போயிருக்கும். சில வெள்ளிதான், மாற்றிவிடலாம்.

நான்காவது: பதிவை வெளியே எடுப்பது

16 அல்லது 32 ஜிகாபைட் விரலி (பென் டிரைவ்) ஒன்றை இதற்கென்றே வாங்குங்கள். அதை ஃபேட்32 முறையில் ஃபார்மெட் செய்யுங்கள். பல பழைய பெட்டிகளுக்கு அது ஒன்றுதான் புரியும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது, அதனால் பெட்டி பதிவைத் துண்டு துண்டாக வெட்டித் தரும். பயப்பட வேண்டாம், எல்லாத் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பேக்கப் அல்லது எக்ஸ்போர்ட் என்று இருக்கும். கேமராவைத் தேர்ந்தெடுத்து, ஆரம்ப மணியும் முடிவு மணியும் கொடுக்க வேண்டும். அங்கே கேட்பது பெட்டியின் மணி, நம் மணி அல்ல. சம்பவம் 2:49 என்றால் முன்னும் பின்னும் பத்து நிமிடம் சேர்த்து, கோயில் பெட்டியில் 2:04இலிருந்து 2:24 வரை, கடைப் பெட்டியில் 2:41இலிருந்து 3:01 வரை. மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் என்று இரண்டு காட்டினால் மெயினை எடுங்கள். மற்றது தொலைபேசியில் பார்ப்பதற்கான மங்கல் பிரதி, அதில் வண்டி எண் தெரியாது.

கடைக்கார அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? டிவியில் பதிவை ஓடவிட்டு, தன் தொலைபேசியால் அதைப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். "தம்பி, அதான் அனுப்பிட்டேனே" என்கிறார். வண்டி எண் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தடம்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் போகும்போது காணொளி இன்னும் சுருங்கும். ஊரை எச்சரிக்க அது போதும், சாட்சிக்கு ஆகாது.

விரலி கிடைக்கவில்லை, கடவுச்சொல் தெரியவில்லை, நாளோ ஓடுகிறது என்றால்? பெட்டியை, முடிந்தால் பட்டியல் வழியாக முறையாக, அணைத்துவிடுங்கள். ஓடாத பெட்டி எதையும் அழிக்காது. எங்களுக்கு அந்த நிலைமையும் வந்தது. கடவுச்சொல் வைத்திருந்தவர் ஊர் மாறிப் போயிருந்தார். இப்போது அது உறையில் போட்டு ஒட்டி, கோயில் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

ஒரு பெட்டியின் டிஸ்க்கை இன்னொன்றில் மாட்டாதீர்கள்

மூன்று பெட்டி இருக்கும் இடத்தில் யாருக்காவது இந்த யோசனை வரும்: டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் எல்லாம் வந்துவிடாதா? வராது. பல பெட்டிகள் தங்களுக்கே உரிய முறையில்தான் டிஸ்க்கில் எழுதுகின்றன. விண்டோஸ் அதைப் பார்த்ததும், ஃபார்மெட் செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்கும். பழக்கத்தில் ஆமாம் என்று அழுத்தினீர்களோ, போச்சு. வேறு பிராண்டு பெட்டியில் மாட்டினாலும் இதே கதைதான், புதிய டிஸ்க் என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும்.

"ஆன்விஃப் இருக்கிறதே, எல்லாம் ஒத்துப்போகுமே" என்று ஒரு நண்பர் சொன்னார். ஆக்சிஸ், பாஷ், சோனி என்ற மூன்று நிறுவனங்களும் 2008இல் தொடங்கிய பொது முறை அது. ஒரு பிராண்டு கேமராவை இன்னொரு பிராண்டு பெட்டியோடு பேச வைக்க நல்லதுதான். ஏற்கெனவே டிஸ்க்கில் உட்கார்ந்துவிட்ட பழைய பதிவுக்கு அது உதவாது.

ஐந்தாவது: திறக்காத கோப்புகள்

எடுத்த கோப்புகள் எல்லாம் ஒரே வகையாக இருக்காது. டாஹுவா பிராண்டு பெட்டிகள் டி.ஏ.வி என்ற முடிவோடு தரும். ஹிக்விஷன் தருவது எம்.பி4 என்று பெயர் போட்டிருந்தாலும் சில பிளேயர்களில் ஓடாது. முதலில் வி.எல்.சி என்ற பிளேயரில் திறந்து பாருங்கள். அடம் பிடித்தால் தயாரிப்பாளரின் சொந்த பிளேயரைப் போடுங்கள், இலவசம்தான். சில பெட்டிகள் பதிவோடு அதையும் விரலியில் போட்டுத் தரும், அந்தக் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள்.

எல்லாரும் பார்க்கும்படி மாற்ற வேண்டுமானால், மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதியை மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள்கள் படத்தை மறுபடி சுருக்கி எழுதும், தெளிவு கொஞ்சம் குறையும். எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில், படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றும் வழி இருக்கிறது. சோற்றை வேறு டிபனுக்கு மாற்றுவது போல, மறுபடி சமைப்பதில்லை.

ஆறாவது: பெயர், முத்திரை, பிரதி

ஒரு சம்பவத்துக்கு ஒரு ஃபோல்டர். பெயரில் ஆண்டு, மாதம், நாள், திருத்திய மணி, இடம், கேமரா எண் என்ற வரிசை வரட்டும். 2025-10-14-0249-கோயில்-3 என்பது போல. ஆண்டை முன்னால் போட்டால் கணினி தானே தேதி வரிசையில் அடுக்கிவிடும். பெட்டி வைத்த கோப்புப் பெயரை மாற்றாமல் ஃபோல்டருக்கு மட்டும் பெயர் வையுங்கள். மூலப் பெயரில் பெட்டியின் மணி இருக்கும், அது பிறகு தேவைப்படும்.

அடுத்தது எஸ்.ஹெச்.ஏ-256 என்ற முத்திரை. செவன்-ஸிப் என்ற மென்பொருள் போட்ட கணினியில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் கிடைக்கும். 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி மாறிவிடும். யாராவது வெட்டி ஒட்டினாயா என்று பிறகு கேட்டால் காட்டலாம். அந்த வரியை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டு, அச்செடுத்து 555 புத்தகத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இதெல்லாம் அதிகமா? நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்ற பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணங்களைப் பற்றியது. அந்தக் கணினியை நிர்வகிக்கும் பொறுப்பில் இருப்பவர் கையெழுத்திட்டுத் தரும் சான்றுக்கு அதில் இடம் உண்டு. கோயில் பெட்டிக்கு அந்தக் கையெழுத்து நாளைக்கு என்னுடையதாக இருக்கலாம். எழுதி வைத்திருந்தால்தானே தைரியமாகப் போட முடியும்?

பிரதிகளை இரண்டு வெளி டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று கோயிலில், ஒன்று செயலாளர் வீட்டில். பெட்டி இருக்கும் அலமாரியிலேயே இரண்டையும் வைத்தால், திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். இடி விழுந்தாலும் சேர்ந்தே போகும். விரலியில் வருடக்கணக்கில் வைக்காதீர்கள், அது கொண்டுபோக மட்டும்தான்.

எல்லாவற்றையும் சேர்க்கவும் வேண்டாம். சாதாரண நாள் பதிவு தானாக அழியட்டும். சம்பவங்களை மட்டும் வைக்கிறோம், வழக்கு முடிந்ததும் அழிக்கிறோம். கடை நடத்துகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்குப் பொருந்தும். தேவை முடிந்த பிறகும் வைத்திருக்கக்கூடாது என்கிறது அது.

மாதம் ஒரு முறை

முதல் வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்த பிறகு, நானும் கடைக்கார அண்ணனும் மூன்று இடத்திலும் மணியைப் பார்ப்போம். அப்புறம் நேற்றைய பதிவைத் திறந்து ஓட்டிப் பார்ப்போம். நேரடிக் காட்சியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டிஸ்க் செத்துப்போன பெட்டியும் திரையில் அழகாகப் படம் காட்டிக்கொண்டிருக்கும்.

போன மாதம் கடைப் பெட்டி ஒரு நிமிடம் முந்தியிருந்தது. அண்ணன் உடனே திருத்தப் போனார். "இருங்கண்ணே, முதல்ல எழுதுவோம்" என்று நான் சொல்வதற்குள், அவரே 555 புத்தகத்தை இழுத்து, பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.